பழைய சின்ன ட்ரக்டர் வாங்கப் போகிறவர்கள் வாசிக்கவும்: என் 13 இலட்சத்து 80 ஆயிரம் போன வழி

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 13 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். பாதிக்கு மேல் கனடாவில் இரவு வேலை செய்யும் என் தம்பி அனுப்பிய காசு. மீதி மனைவியின் காப்புகளும் போன போகத்து வெங்காயமும். அந்தக் காசுக்கு நான் வாங்கிய உழவு இயந்திரம் இப்போது ஒரு கராஜில் எஞ்சின் தலை கழற்றிய நிலையில் கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம்தான் மெக்கானிக் முழுவதையும் திறந்து காட்டினார். இரவு நித்திரை இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

விற்ற இடத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதவில்லை. முகநூலில் நாள் தவறாமல் படம் போட்டு, "ஜப்பான் இறக்குமதி, புதியது போன்றது" என்று பழைய விவசாய இயந்திரங்கள் விற்கும் ஒரு யார்ட். சுற்றிவரத் தகர வேலி, முன்னால் பெரிய பெயர்ப்பலகை, உள்ளே வரிசையாக மினுங்கும் வர்ணம். இந்த வகை இடங்களைப் பார்த்தவர்களுக்கு இவ்வளவும் போதும்.

எனக்கு யாழ்ப்பாணத்தில் நீர்வேலிப் பக்கம் 18 பரப்புச் செம்மண் தோட்டம். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி வாழை, மறுபாதியில் வெங்காயமும் மரவள்ளியும் மாறி மாறி. இந்தத் துண்டுக்கு எதற்கு ட்ரக்டர் என்று கேட்பவர்கள், முதல் மழை விழுந்த மறுநாள் உழவுக்கு ஆள் தேடிப் பார்க்க வேண்டும். பெரிய ட்ரக்டர்கள் எல்லாம் வயலுக்குப் போய்விடும். எங்கள் முறை வரும்போது மண்ணின் ஈரம் போய் இறுகியிருக்கும். என்னிடம் லேண்ட்மாஸ்டர், அதாவது பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரம், இருந்தது. வருடக்கணக்காக அதன் கைபிடியைப் பிடித்து நடந்து தோள்மூட்டுப் பழுதாகிவிட்டது. பெரிய ட்ரக்டர் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் கிளுவை வேலியை முறித்துக்கொண்டுதான் வரும், வாழை வரிசைக்குள் திரும்பாது, ஈரத்தில் இறங்கினால் தன் பாரத்தாலேயே மண்ணை அமத்திவிடும். எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் எல்லா இடத்திலும் ஆழமானதும் அல்ல. சில இடங்களில் கொஞ்சம் கிளறினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். ஆழ உழுகிற பெருவலு அங்கே யாருக்கு வேண்டும்? 20 முதல் 25 குதிரைவலு, நான்கு சில்லும் இழுக்கிற, நான்கடி றொட்டவேற்றர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) பூட்டக்கூடிய சின்ன ட்ரக்டர்தான் இப்படியான காணிக்குப் பொருத்தம். இந்த எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை. தெரிவு சரி. விற்றவன் கள்ளன்.

புதியது என் கைக்கு எட்டாத விலை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு பழையவற்றின் விலையும் ஏறியது. 2025இல் மறுபடி திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் வந்தது, யார்ட்காரர்களின் வாயில் மட்டும் இன்னும் வரவில்லை.

ஆடி முடிகிற நேரம் அங்கே போனேன். என்னை எதிர்கொண்டவனுக்கு முப்பது வயது இருக்கும். அவன் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, உங்கள் ஒழுங்கை எத்தனை அடி அகலம்?" என்பது. அடுத்து, வாழைக்கு வாழை எவ்வளவு இடைவெளி, தண்ணீர் வாய்க்கால் எந்தப் பக்கம், கல் எங்கே தட்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். நான் 18 இலட்சத்துக்கு நின்ற ஒரு பெரிய இயந்திரத்தைக் காட்டிக் கேட்டபோது தலையை ஆட்டினான். "அதை எடுத்தால் எனக்குத்தான் இலாபம் ஐயா. ஆனால் உங்கள் காணிக்கு அது கூடிப்போகும். டீசலுக்கு உழைத்துக் கொட்டுவீர்கள். நான் அதை உங்களுக்கு விற்கமாட்டேன்" என்றான். நான்கு இலட்சத்துக்கு மேல் குறைவான இயந்திரத்தின் பக்கம் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனான். தன் தகப்பனும் புகையிலைத் தோட்டக்காரர்தான் என்றான். உள்ளேயிருந்து தேநீர் வந்தது.

அந்த ஒரு சொல்லில்தான் காசு கைமாறியது. கூடிய விலைப் பொருளை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகிப்பார்கள்? நேற்றிலிருந்து இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அந்த 18 இலட்சத்து இயந்திரம் உண்மையிலேயே விற்பனைக்கு நின்றதா, அல்லது என் போன்றவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்வதற்காகவே நிறுத்தி வைத்திருந்தார்களா? இரண்டு மாதத்துக்கு மேலாகியும் அது அதே இடத்தில் அப்படியே நிற்கிறது.

நாங்கள் கிட்டப் போகும்போது சின்ன ட்ரக்டர் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. "நீங்கள் வருகிறீர்கள் என்று தம்பிமார் இயக்கி வைத்தார்கள்" என்றான். மரியாதை என்று நினைத்தேன். நிறுத்தி மறுபடி இயக்கினான், ஒரு தட்டில் இயங்கியது. சூடான டீசல் எஞ்சின் அப்படித்தான் இயங்கும், செத்துக்கொண்டிருந்தாலும் இயங்கும். கிறவல் பரப்பிய முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினேன். முன் சில்லுகளுக்கு இழுவை கொடுக்கும் நெம்பைப் போட்டுக் காட்டினான், "டக்" என்று விழுந்தது. பாரமில்லாமல் சமதரையில் ஓடும்போது முன் சில்லு இழுக்கிறதா உருளுகிறதா என்று ஓட்டுபவனுக்குத் தெரியாது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீற்றரில் 612 மணித்தியாலம். மூன்று மாத எஞ்சின் உத்தரவாதம். பதிவுப் புத்தகம் இரண்டு கிழமையில் கைக்கு வரும். 13 இலட்சத்து 80 ஆயிரத்தையும் காசாக எண்ணி வாங்கினார்கள், பற்றுச்சீட்டில் 8 இலட்சம் மட்டும் எழுதினார்கள். மீதி, பதிவு மாற்றும்போது எழுதித் தரப்படுமாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சின். இயக்க இயக்கச் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. கடைசியில் பிடித்தபோது ஒழுங்கை முழுவதும் வெள்ளைப் புகை. தோட்டத்தில் இறக்கினால் பின் சில்லு குழி தோண்டியது, முன் சில்லு சும்மா நின்றது. ஒரு மணித்தியாலம் உழுவதற்குள் வெப்பமுள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது.

அன்றே தொலைபேசி எடுத்தேன். "புது ஒயில் ஐயா, இரண்டொரு நாளில் பழகிவிடும்." அடுத்த முறை, "உங்கள் மண் இறுக்கம், கொஞ்சம் நனைத்துவிட்டு உழுங்கள்." பிறகு மெக்கானிக்கை வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள். எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வெளியே ஒருவரிடம் காட்டட்டுமா என்று கேட்டபோதுதான் குரல் மாறியது: "வேறு யாராவது எஞ்சினில் கை வைத்தால் உத்தரவாதம் செல்லாது, பார்த்துக்கொள்ளுங்கள்." ஆக, அவர்களும் பார்க்க வரமாட்டார்கள், நானும் திறக்கக்கூடாது. நாள் மட்டும் ஓடவேண்டும்.

ஓடியது. முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். முதலாளிக்குச் சுகமில்லை என்றார்கள். முதலாளி நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம், கோபமாகக் கதைக்கமாட்டார், பிறகு எடுங்கள் என்றும் ஒருவன் சொன்னான். ஊரை ஏமாற்றுகிறவனுக்கு விரதம் ஒரு கேடு. நேரே போனால் அந்த முப்பது வயதுக்காரன் இல்லை, வேறொரு பையன் நின்று "அந்த அண்ணை இப்போது இங்கே வேலை செய்வதில்லை" என்றான். மறு கிழமையே அதே அண்ணை முகநூலில் நேரலையில் நின்று இன்னொரு ட்ரக்டரைத் தடவித் தடவி விற்றுக்கொண்டிருந்தான். அதன் கீழே என் கதையை எழுதினேன். சில நிமிடங்களில் அழித்துவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள்.

பதிவுப் புத்தகம்? அதன் நிழற்படப் பிரதி ஒன்று மட்டும் கைபேசிக்கு வந்தது. அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர். யாரோ லீசிங்கில் எடுத்துக் கட்டி முடிக்காத இயந்திரம். அந்த நிறுவனம் விடுவிக்காமல் என் பெயருக்கு மாற்ற முடியாது. 13 இலட்சத்து 80 ஆயிரம் கொடுத்த எனக்குக் காகிதத்தின்படி அதில் ஒரு ஆணிகூடச் சொந்தமில்லை.

உத்தரவாதம் போனால் போகட்டும் என்று நேற்றுத் திறக்கச் சொன்னேன். எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது, எஞ்சின் தலையில் வெடிப்பு, கேஸ்கட் எரிந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் ஓட்டை அடைக்கிற பசை ஊற்றி மூடியிருந்தார்கள். முன் அச்சுக்கு வலுவைக் கொண்டுபோகும் தண்டு இருக்கவேண்டிய இடத்தில் அதன் உறை மட்டும் இருந்தது. தண்டே இல்லை! நெம்பு வெறும் வெளியில் "டக்" என்று விழுந்திருக்கிறது. கிளச் மிதியின் இறப்பர் புதிது. மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டினார், கீழே இரும்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. "612 மணித்தியாலத்தில் கால் இரும்பை இப்படித் தேய்க்காது அண்ணை. ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறது. மீற்றரை மாற்றியிருக்கிறார்கள்" என்றார். மீற்றரைப் பிடித்திருந்த திருகாணிகள் மட்டும் பளபளத்தன.

இன்னொன்றும் சொன்னார். இது ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த மாதிரி. அதே நிறுவனத்தின் சின்னம் இருந்தாலும் இங்கே உள்ள முகவரின் பாகப் பட்டியலில் இந்த எஞ்சின் தலை இல்லை. யாராவது உடைத்து விற்கிற பழைய இயந்திரத்திலிருந்து எடுத்தால்தான் உண்டு. கிடைத்தாலும் திருத்த 5 இலட்சத்துக்குக் குறையாதாம். அதாவது ஏற்கெனவே கொடுத்த 13 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேலதிகமாக.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, இது கொடுக்கல் வாங்கல் விடயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தபோதுதான் எனக்கு மற்ற விடயம் விளங்கியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் உத்தரவாதமும் மூன்று மாதம். வெள்ளிக்கிழமை, கொழும்பு, விரதம் எல்லாம் எதற்கு என்று புரிகிறதா? எனக்கு அந்தக் காலம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. பற்றுச்சீட்டின் பிரதி, படங்கள், மெக்கானிக்கின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சின்ன ட்ரக்டர் எப்படித் தெரிவு செய்வது என்று முழுதாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். குதிரைவலு, றொட்டவேற்றர் அகலம், ரயர் வகை என்று எழுத நிறைய இருக்கிறது, இப்போது கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், சொல்லாமல் இன்னொரு நாள் காலையில் போங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். ஒயில் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். றொட்டவேற்றரைத் தூக்கி எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் நில்லுங்கள், உடனே கீழே இறங்கினால் ஹைட்ரோலிக் கசிகிறது. முன் சில்லு இழுக்கிறதா என்பதை முற்றத்தில் பார்க்காதீர்கள், உழுத மண்ணில் இறக்கச் சொல்லுங்கள். குனிந்து அடியில் தண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், இப்படி எழுதவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதி கையில் வராமல், அடிச்சட்டத்தில் வெட்டிய இலக்கத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுத்த முழுத்தொகையும் பற்றுச்சீட்டில் வரவேண்டும். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போக யார்ட்காரன் விடவில்லை என்றால் அதுவே போதும்.

அந்த யார்ட்டில் வாங்கிய வேறு யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், ஒன்றாக முறையிட்டால் பாரம் கூடும். மற்றது, மழை தொடங்கப் போகிறது, என் லேண்ட்மாஸ்டரையும் இந்தக் காசுக்காக விற்றுவிட்டேன். நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் இந்த மாதம் உழவுக்கு வரக்கூடியவர் யாராவது இருந்தால் கூலியையும் சேர்த்து எழுதுங்கள். 18 பரப்பில் இப்போதைக்கு வெங்காயத்துண்டை மட்டும் உழுதால் போதும்.