சிகிரியா ஏறலாம், வீட்டுப் படி ஏற முடியாது

2021 பெப்ரவரி நடுப்பகுதியில் ரொறன்ரோவிலிருந்து இலங்கைக்கு, ஊருக்குப் போனேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இல்லாவிட்டால் கொரோனா நேரத்தில் யார் போவார்? பத்து மாதமாக வழமையான பயணிகள் வருகைக்கு மூடிக்கிடந்த கட்டுநாயக்க விமான நிலையத்தை ஜனவரி 21இல்தான் மறுபடி திறந்திருந்தார்கள்.

சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு ‘பயோ பபிள்’. அங்கீகாரம் பெற்ற ஹோட்டலில் தங்கி, ஊர்ச்சனத்தோடு கலக்காமல் சிகிரியா மலைக்கோட்டை, யால வனவிலங்குப் பூங்கா என்று சுற்றலாம். என்னைப் போன்ற இரட்டைக் குடியுரிமைக்காரருக்கோ 14 நாள் அறைக்குள். சரி, நானும் சுற்றுலாக்காரனாகவே வந்திருக்கலாமே? வந்திருந்தால் சிகிரியா ஏறலாம், அந்த 14 நாளும் வீட்டுப் படி ஏற முடியாது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஹோட்டலுக்கு ஏற்றிப் போனது இராணுவ பஸ். 1995இல் இராணுவம் நெருங்கி வர, இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த எனக்கு அதில் கால் வைக்கவே ஒருமாதிரி இருந்தது. சீருடைப் பெடியன் ஒருவன் என் சூட்கேசைத் தூக்கி வைத்துவிட்டு, “ஐயா, இருங்க” என்றான் உடைந்த தமிழில். இருந்தேன்.

நீர்கொழும்பில் அறை நல்ல அறைதான், கடல் தெரியும். இடியப்பமும் சொதியும் ஆறிப்போய்க் கதவடிக்கு வரும். அதைப் பொறுக்கலாம். பிசிஆர் காசை முற்பணத்தோடு எடுத்தவர்கள், வெளிக்கிடும் நாளில் பில்லில் அதை மறுபடியும் போட்டிருந்தார்கள். ரசீதைக் காட்டி ஒரு மணி நேரம் வாக்குவாதப்பட்டுத்தான் கழிப்பித்தேன்.

ஊரில் கிடைத்த சேவை வேறு மாதிரி. நான் வந்திறங்கிய செய்தி கிராம அலுவலரான விதானையார் வழியாக எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அரை மணியில் போய்விட்டது. மனிதரிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கொப்பி, வெள்ளைக்காரன் 1897இல் போட்ட தனிமைப்படுத்தல் சட்டம். படலைக்கு வெளியே நின்றபடியே, “இன்னும் ஒரு கிழமை வளவுக்குள்ளயே நில்லுங்கோ அண்ணை, அம்மாவுக்கும் வயசு போட்டுது” என்றார். அம்மாவின் பிரஷர் குளிசை முடிகிறதா என்றும் விசாரித்தார். மறுநாள் குளிசைப் பையைப் படலையில் கொழுவிவிட்டு, ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

“வாசல்ல நிண்ட மனுசனுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்கேலாமல் போச்சு” என்று நான் திரும்பும் நாள்வரை அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.