ஜெராக்ஸ் கடையில் பேசும் பெட்டி: சில வருட அனுபவம்

வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். யுபிஐயில் பணம் வந்தால் தமிழில் சத்தமாகச் சொல்லுமே, அந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கொரோனா ஓய்ந்த சமயத்தில் வாங்கினேன். இன்னும் ஓடுகிறது.

சில்லறைத் தொல்லை ஒழிந்தது. இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவர்கள் இப்போது அபூர்வம். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகள் ரிப்போர்ட் நகல் எடுக்க வருவார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது, என் இந்தி அவர்களுக்குப் புரியாது. கால்குலேட்டரில் தொகையைக் காட்டினால் போதும், ஸ்கேன் பண்ணிவிடுவார்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவும் ஆட்களுக்கும் இந்தப் பெட்டி ஆகாது.

வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பது கிடையாது. ஆனால் பெட்டிக்கு மாத வாடகை உண்டு. எனக்கு ஒரு மாதம் சொல்லாமல் கொள்ளாமல் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால், "பிளான் மாறிடுச்சு சார்" என்று ஒரே பாட்டு. பேட்டரியும் இப்போது நாள் முழுக்க நிற்பதில்லை, சார்ஜரிலேயே கிடக்கிறது. நெட்வொர்க் மந்தமானால் ஆள் தெருமுனை தாண்டிய பிறகுதான் வாயைத் திறக்கும்.

அது சரி, பெட்டி சொல்லும் காசு எந்த வேலைக்கு வருகிறது என்பதுதான் ரொம்பவே மாறிவிட்டது. முன்பெல்லாம் செமஸ்டர் நெருங்கினால் ஊரீசு கல்லூரிப் பிள்ளைகள் ஒருத்தர் நோட்டைக் கொண்டுவந்து வகுப்புக்கே நகல் போடுவார்கள். இப்போது அது பிடிஎஃப் ஆகி வாட்ஸ்அப்பிலேயே சுற்றுகிறது. அந்த வரும்படி போச்சு. அதற்குப் பதிலாக விண்ணப்ப வேலை வந்தது. இன்ஜினியரிங் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்கு மாறியது, அப்புறம் அரசு கலைக்கல்லூரி விண்ணப்பமும். சீசனில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் போன்ற ஊர்களிலிருந்து அப்பாவும் பிள்ளையுமாக வருவார்கள். சாதிச் சான்றிதழை ஸ்கேன் பண்ணி, சைஸைக் குறைத்து ஏற்றுவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். ஓடிபி வரும் போனோ வீட்டில் அம்மாவிடம் இருக்கும்!

ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடமான என்பிடெல் படிப்பவர்களும் வருகிறார்கள். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். ஹால் டிக்கெட் பிரிண்ட் நம்மிடம்தான்.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். உள்ளேயே சிம் இருக்கும் வகையாகப் பாருங்கள், வாடகை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லாவில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும், பேங்க் சர்வர் எப்போது படுக்கும் என்று யாருக்கும் தெரியாது.