ஐந்து ரோட்டுக் கடையில் வாங்கிய பயண இ-சிம்: சிங்கப்பூரில் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு

சேலத்திலிருந்து சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ செல்பவர்கள் பெரும்பாலும் நாமக்கல் வழியாகத் திருச்சிக்கோ, இல்லையெனில் கோயம்புத்தூருக்கோ சென்றுதான் விமானம் ஏறுகிறார்கள். பயணச்சீட்டு, விசா, பலகாரம் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே தயார் செய்யும் நம்மவர்கள், கைபேசி அங்கே எப்படி இயங்கும் என்பதை மட்டும் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகே யோசிக்கிறார்கள். அந்த வேலையைச் சேலத்திலேயே முடித்துத் தரும் கடை ஒன்று ஐந்து ரோட்டுப் பக்கம் இருக்கிறது. பெற்றோருடன் சிங்கப்பூருக்கும், அதை ஒட்டிய மலேசிய நகரமான ஜோகூர் பாருவுக்கும் சென்றபோது எங்கள் கைபேசிகளுக்கு அங்குதான் பயண இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவிறக்கிக்கொள்ளும் சிம், வாங்கினோம்.

இ-சிம்மை இணையத்தில் எவரும் நேரடியாக வாங்கிவிடலாம் என்பதால், கடைக்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்பதே இங்கு முக்கியமான கேள்வி. என் கணக்கில் அந்தப் பணம் கைபேசியின் அமைப்புகளைச் சரிசெய்து தருவதற்கானது, அதை இக்கடை நன்றாகவே செய்கிறது. முதலில் *#06# அழுத்தச் சொல்கிறார்கள். திரையில் ஐஎம்இஐ எண்களுடன் இஐடி என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால்தான் கைபேசி இ-சிம்மை ஏற்கும். குறைந்த விலை ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. அப்படியென்றால் விற்க முயலாமல் ரோமிங் திட்டம் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவின் பழைய பட்டன் கைபேசியைப் பார்த்ததும், சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-லும் 3ஜி சேவை 2024-லும் நிறுத்தப்பட்டதால் அது அங்கே வேலை செய்யாது என்று சொன்னதும் அவர்கள்தான்.

அடுத்து வருவது எண்களைப் பிரித்து வைக்கும் வேலை. வெளிநாட்டில் இணையம் இல்லாவிட்டால்கூட ஒரு நாளை ஓட்டிவிடலாம், ஆனால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி நம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். யுபிஐ செயலிகளும் பதிவு செய்த சிம் கைபேசியில் இருக்கிறதா என்று சரிபார்க்கின்றன. அதனால் ஊர் சிம்மைக் கழற்றிவிட்டு அந்நாட்டுச் சிம்மைப் போடுவது பலருக்குத் தலைவலியில் முடிகிறது. கடையில் இருந்த இளைஞர், “ஊரு சிம்முல டேட்டா ரோமிங் எப்பவும் ஆஃப்ல இருக்கட்டுங்கண்ணா, பயண சிம்முல மட்டும் ஆன் பண்ணுங்க, ஓடிபி தானா வந்துரும்” என்று சொல்லி, இரண்டு இணைப்புகளுக்கும் ‘ஊர்’, ‘பயணம்’ என்று பெயரிட்டுத் தந்தார். டேட்டா தேவைப்பட்டால் ஒரு சிம்மிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக மாறும் அமைப்பையும் அணைத்து வைத்தார். எதிர்பாராத ரோமிங் கட்டணம் வருவதற்கு அதுவும் ஒரு வழி என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயக்கச் செய்ததையும் பாராட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் விமானம் தரையிறங்கியதுமே இணைப்பு கிடைத்தது. நகருக்குள், மெட்ரோ சுரங்கப் பாதைகள் உட்பட, வேகம் குறித்துக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வங்கிக் குறுஞ்செய்திகளும் தாமதமின்றி வந்தன. ஜோகூர் செல்வீர்களா என்று கடையில் கேட்டதன் அருமை உட்லண்ட்ஸ் பகுதியில் புரிந்தது. 1924-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள, சிங்கப்பூரை ஜோகூருடன் இணைக்கும் கடற்பாலம் அங்குதான் இருக்கிறது; அதன் அருகே சென்றாலே, சிங்கப்பூர் மண்ணில் நிற்கும்போதே கைபேசி மலேசியக் கோபுரத்தைப் பிடித்துவிடக்கூடும். ஒரு நாட்டுக்கான திட்டம் மட்டும் இருந்தால் அங்கே இணையம் நின்றுவிடும். இரு நாடுகளுக்கும் சேர்ந்த திட்டத்தை அவர்கள் தந்திருந்ததால் குடிநுழைவு வரிசையில் நிற்கும்போதும் இணைப்பு அறுபடவில்லை.

குறைகளும் உண்டு. இது டேட்டா மட்டுமே தரும் இ-சிம். உள்ளூர் எண் கிடையாது. உணவகத்தில் மேசை பதிவு செய்ய இந்திய எண்ணிலிருந்து அழைத்தால் ரோமிங் கட்டணம்தான், ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலும் அப்படியே. நம் இணையப் போக்குவரத்து வேறொரு நாட்டின் வழியாகச் செல்வதால் சில பக்கங்கள் அந்நாட்டு மொழியில் திறந்தன, ஒரு வங்கிச் செயலி கூடுதல் சரிபார்ப்புக் கேட்டது. திட்டத்தின் நாட்கணக்கு முதல் இணைப்பிலிருந்து 24 மணி நேரமாக ஓடுமா, நாள்காட்டிப்படி ஓடுமா என்பதைக் கடையில் தந்த தாளில் அச்சிடவே இல்லை. கடைசி நாளில் விமான நிலையம் செல்லும் வழியில் அது முடிந்துவிடுமோ என்ற கவலை அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. உதவிக்கு அழைக்கலாம் என்கிறார்கள், ஆனால் சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை பத்து மணிக்குத் திறக்கும் கடை அங்கிருப்பவருக்குப் பிற்பகல் பன்னிரண்டரைக்குத்தான் திறக்கிறது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இ-சிம்மைப் பதிவிறக்க அந்த நேரத்தில் இணையம் தேவை; மலைத் தோட்டங்களில் அலைவரிசை சிக்காத இடங்கள் ஏராளம். இ-சிம்மை நிறுவுவதற்கான க்யூஆர் குறியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், அது அதே கைபேசியிலேயே வந்து நிற்பதால் பல கைபேசிகளில் அதை ஸ்கேன் செய்ய இன்னொரு திரை வேண்டும். ஆகவே இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிக் கடைக்கே வந்துவிடுவது மேல். கேட்டால் குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் தருகிறார்கள். நிறுவிய இ-சிம்மைத் தவறுதலாக அழித்தால் அதே குறியீடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது.

விலை, இணையத்தில் நேரடியாக வாங்குவதைவிட ஒவ்வொரு கைபேசிக்கும் ஏறத்தாழ இருநூறு ரூபாய் கூடுதல். அமைப்புகளை மாற்றத் தெரிந்தவருக்கு அது வீண் செலவு. வயதானவர்களைத் தனியாக அனுப்பும் வீட்டாருக்கு அந்த இருநூறு ரூபாய் நியாயமானதே. வேலைக்காகப் பல மாதங்கள் தங்கப் போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். கடவுச்சீட்டைக் காட்டி அந்த நாட்டிலேயே ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொண்டு, ஊர் எண்ணை இரண்டாவது இடத்தில் வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும்.