தண்ணீர் இல்லாத காட்டில் ஐந்து ஏக்கர்: நெல்லா, மிளகாயா, கரியா, சோலாரா?

அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கு ஒரு பழைய வாக்கியம் உண்டு: "உன்னைத் தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்." அந்தக் காட்டில்தான் எங்கள் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் இடையே, கரிசல் மண். மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு ஏக்கர் புஞ்சை என்று பத்திரம் சொல்கிறது. கண்மாயில் முள் அடைந்து கிடப்பதால் இப்போது நஞ்சைக்கும் வானம்தான் பாசனம். சென்ற ஆண்டுவரை சித்தப்பா உழுதார். இந்த ஆண்டு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "இனி என்ன செய்வது என்று நீயே பார்த்துச் சொல்" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

விசாரித்த இடத்தில் எல்லாம் நான்கு யோசனைகள்தான் வந்தன: நெல், முண்டு மிளகாய், சீமைக் கருவேலத்தை வளரவிட்டுக் கரிக்கு விற்பது, சோலார் கம்பெனிக்குக் கொடுப்பது. எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்திருந்தார்கள்: "ஏக்கருக்கு எவ்வளவு நிற்கும்?" மழை கணக்காகப் பெய்யும் ஊருக்கு அது சரியான கேள்வி. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்க வேண்டும். 2016 வடகிழக்குப் பருவமழையில் தமிழகத்துக்குக் கிடைத்தது 168 மி.மீ.; வழக்கமாகக் கிடைப்பது 440. ஐந்து ஆண்டு கழித்து, 2021-இல், அதே பருவம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெய்தது. 2023 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரு நாளில் 40 செ.மீ.க்கு மேல். 'ஐப்பசி மழை அடைமழை' என்று பழமொழி சொன்னவர்கள் இப்படி ஒரு கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் வேறு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். மிக மோசமான ஆண்டில் கையில் என்ன மிஞ்சும்? எடுத்த முடிவு தவறு என்று தெரிந்தால் அடுத்த புரட்டாசிக்குள் மாற்றிக்கொள்ள முடியுமா?

முதலில் நெல். எங்கள் பக்கம் நாற்றுவிட்டு நடுவதில்லை; புழுதி விதைப்பு. புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதையைத் தூவி உழுதுவிட்டு வானத்தைப் பார்ப்பது. முன்பெல்லாம் முதல் மழைக்கு முளைத்தால் அடுத்த மழை பின்னாலேயே வந்துவிடும். இப்போது ஒரு மழை பெய்து முளைக்க வைத்துவிட்டு இருபது நாள் காணாமல் போகிறது. முளைத்தது கருகுகிறது, மறுபடி விதை வாங்க வேண்டும். அதையும் தாண்டி வந்தால் கதிர் முற்றும் மார்கழி, தையில் பெருமழை வந்து படுக்க வைத்துவிடுகிறது. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே தந்த 'அண்ணா 4' நூறு நாள் சொச்சத்தில் அறுவடைக்கு வரும். வறட்சியைத் தாங்கும் ரகம்தான்; கதிர் முற்றிய நேரத்தில் வரும் வெள்ளத்தை எந்த ரகம் தாங்கும்?

நெல்லுக்கு ஒரு பெரிய பலம் பயிர்க் காப்பீடு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் மட்டுமே. வருவாய்க் கிராமத்தில் சில வயல்களை அறுத்துப் பார்த்து, சராசரி குறைந்திருந்தால் ஊருக்கே இழப்பீடு வரும். உங்கள் வயல் மட்டும் மூழ்கி ஊர் தப்பித்தால், கடந்த ஆண்டுகளில் பெரும்பாலும் ஒன்றும் கிடைத்ததில்லை. விளைச்சலைவிட இழப்பீட்டை நம்பி விதைப்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல் வயல் மீத்தேன் வாயுவை வெளியிட்டுப் புவியைச் சூடாக்குகிறது என்ற குற்றச்சாட்டும் எங்கள் வயலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தண்ணீர் தேங்கி நின்றால்தான் அந்த வாயு பிறக்கும். இங்கே தேங்க ஏது தண்ணீர்?

மிளகாய் எனக்குப் பிடித்த கட்சி, சொல்லிவிட்டே எழுதுகிறேன். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல்லைவிடக் குறைந்த ஈரத்தில் பிழைக்கும். பண்ணைக்குட்டையில் தேங்கிய தண்ணீரை இரண்டு முறை விட்டால் போதும், செடி நிமிர்ந்துவிடும். மாசியில் தொடங்கிச் சித்திரைவரை பல தடவை பறிக்கலாம். ஊர்ப் பெண்களுக்கு அந்த மாதங்களில் கூலி வேலை அதுதான். சிக்கல் களத்தில் இருக்கிறது. காயப்போட்ட பழத்தில் பங்குனி மழை ஒரு மணி நேரம் விழுந்தால் நிறம் வெளுத்துச் சோடையாகும். கமிஷன் கடையில் அதற்குத் தனி விலை, அதாவது அடிமாட்டு விலை. ஆந்திரத்தின் பெரிய மிளகாய்ச் சந்தையான குண்டூரில் வரத்து கூடினால் இங்கே விலை இறங்கும். காப்பீட்டுப் பிரீமியமும் நெல்லைவிட அதிகம், ஐந்து சதவீதம். நல்ல ஆண்டில் நெல் அருகில் வர முடியாது. கெட்ட ஆண்டில் கூலிக்கே கடன்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிக் கோபமாக எழுதுவது எளிது. ஆனால் 2016-இல் வயலெல்லாம் வெடித்துக் கிடந்தபோது எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தது அதனால்தான். மழை, உரம், பூச்சிமருந்து எதுவும் கேட்காது. மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வரும். கரிமூட்டக்காரர் மரத்தை மொத்தமாக விலை பேசுவார். வெட்டி அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுப்பார்கள். வெட்டுக்கு ஆணும் கட்டை சுமக்கப் பெண்ணும் என்று, நிலமே இல்லாதவர்களுக்கும் அதில் கூலி உண்டு. மோசமான ஆண்டில் என்ன மிஞ்சும் என்ற என் முதல் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்குவது இதுதான். காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடுகிறது என்று வாட்ஸப்பில் சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை.

அது செய்யும் கெடுதல் வேறு வகை. ஒருவர் வேலைக்குத் திருப்பூருக்கோ துபாய்க்கோ போகிறார். நிலம் இரண்டு வருடம் தரிசாகக் கிடக்கிறது. ஆடு தின்று போட்ட புழுக்கையிலிருந்து கருவேலம் முளைக்கிறது. ஐந்தாம் வருடம் அது புதர். புதருக்குள் காட்டுப்பன்றி குடியேறுகிறது. பன்றி பக்கத்து வயலின் நெல்லை உழப்பிவிட்டுப் போகிறது. இரண்டு வெள்ளாமையைப் பறிகொடுத்த பக்கத்து வயல்காரரும் ஊரைவிட்டுப் போகிறார். இப்போது இரண்டு புதர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் கண்மாயும் இதே முள்ளால் அடைபட, பெய்கிற மழையும் வந்து சேர வழி இல்லை. மழை பொய்த்ததால் தரிசு, தரிசால் முள், முள்ளால் பெய்த மழையும் வீண். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரங்களை அகற்ற உத்தரவிட்டது, பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது, 2022-இல் அயல் தாவரங்களை ஒழிக்க மாநில அரசு கொள்கை வெளியிட்டது. முள் இதையெல்லாம் படிப்பதில்லை. மேலே வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். வேரோடு எடுக்க மண் அள்ளும் இயந்திரம் வேண்டும், அதன் வாடகை கரி விற்ற பணத்தைத் தின்றுவிடும். வளரவிட்ட பிறகு மனம் மாறுவது செலவான காரியம்.

சோலார் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கமுதி அருகே 2016-இல் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்று என்றார்கள். நிலக்கரியை எரிப்பதற்குப் பதில் வெயிலில் மின்சாரம் எடுப்பது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமும் இல்லை. நிலத்துக்காரருக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம். ஆனால் வேலி போட்ட நாளோடு கிடை ஆட்டுக்காரரின் மேய்ச்சல் போகிறது, களை எடுத்தவரின் கூலி போகிறது, மேடு பள்ளத்தை நிரவினால் கண்மாய்க்கு ஓடும் தண்ணீர் வழி மாறுகிறது. தகடு துடைப்பதற்குக்கூட இயந்திரம் வந்துவிட்டது. கிரயம் கொடுத்துவிட்டால் என் இரண்டாவது கேள்விக்கே இடமில்லை. குத்தகை என்றாலும் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு. எனக்கு இப்போது நாற்பத்தேழு வயது.

சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: தாழ்வான மூன்று ஏக்கரில் நெல், காப்பீட்டோடு. மேட்டு இரண்டு ஏக்கரில் மிளகாய், ஓரத்தில் ஒரு பண்ணைக்குட்டை, களத்துக்கு ஒரு தார்ப்பாய். கருவேலம் வரப்போரத்தில் மட்டும், அதுவும் விறகுக்கு. ஏக்கருக்கு எவ்வளவு நிற்கும் என்று பார்த்தால் இது முதலிடம் வராது, தெரியும். ஆனால் இதில் எதையும் அடுத்த புரட்டாசியில் மாற்றிக்கொள்ளலாம். குத்தகைக்குப் பயிர் செய்ய எங்கள் தெருவிலேயே ஒருவர் தயாராக இருக்கிறார்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பன்றிக்கு என்ன வழி?" என்றார்.

பன்றி வருவது வடக்கே இருக்கும் நான்கு ஏக்கர் புதரிலிருந்து. அதன் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். மூன்று முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். முள்ளை வெட்டினால் பாதிச் செலவை நான் தருவதாகச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னவர், வைப்பதற்கு முன் கேட்டார்: "தம்பி, சோலார்காரர்கள் ஏக்கருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?"