எஞ்சின் பிளொக் ஹீற்றர்: தம்பலகாமத்து மெசினுக்கு இது வேண்டுமா?

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல் உழுகிற இயந்திரத்துக்கு, ஸ்ராட் எடுக்குமுன் எஞ்சினைக் கரண்டில் சூடாக்குகிற எஞ்சின் பிளொக் ஹீற்றர் வாங்க வேண்டியதில்லை. பொருள் மோசம் என்பதல்ல. நோய் வேறு, மருந்து வேறு. ஆனாலும் இணையக் கடைகளில் இது கிடைக்கிறது, கனடாவில் இருக்கிற மச்சான்மார் பெட்டிக்குள் வைத்து அனுப்பவும் செய்கிறார்கள். காலையில் ஸ்ராட் எடுக்க மறுக்கும் மெசின் வைத்திருப்பவருக்கு ஆசை வருவது இயல்புதான்.

இங்கே பார்ப்பது கோர் பிளக் வகை, 1000 வாற்று. பிளொக்கின் பக்கவாட்டில் வார்ப்பு ஓட்டைகளை அடைத்திருக்கும் கிண்ணம் போன்ற தகட்டு மூடிகளில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஹீற்றர் கம்பி தண்ணீருக்குள் அமிழ்ந்து நிற்கும்படி பூட்டுவது. மின்சாரக் கேத்தில் செய்கிற அதே வேலை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் நெருக்குகிற காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மைனஸ் 20 பாகையில் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், ஒயில் பாகாகும், பற்றரியும் பலம் இழக்கும். கனடா போன்ற அப்படிக் குளிர்கிற ஊருக்குச் செய்த பொருள் இது. திருகோணமலையில் மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். அந்தச் சூட்டில் 15டபிள்யூ-40 என்கிற வழக்கமான டீசல் எஞ்சின் ஒயில் தாராளமாக ஓடும். நுவரெலியாவில் உறைபனி விழும் தை மாதத்துக்குக்கூட, இன்டேக் மனிபோல்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாயில், கொஞ்சம் டீசலை எரித்து அந்தக் காற்றைச் சூடாக்குகிற தெர்மோஸ்ராட் ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

கனடாவிலிருந்து வந்த பெட்டி என்றால் முதலில் வோல்ற்றைப் பாருங்கள். அங்கே 120, இங்கே 230. வோல்ற்று இரட்டிப்புக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறுகிறது, ஆனால் வாற்று ஏறக்குறைய 3.7 மடங்காகும்: 1000 வாற்று ஹீற்றர் 3,670 வாற்று இழுக்கும், அதாவது 16 அம்பியர். பிளக்கில் உள்ள 13 அம்பியர் பியூஸ் அதைக் கனநேரம் தாங்கிக்கொண்டு நிற்கும். அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். லேபல் அழிந்திருந்தால் மீற்றரை எடுத்து ஓம் அளவுங்கள். 1000 வாற்று, 230 வோல்ற்று என்றால் 53 ஓம் அளவில் காட்டும். 120 வோல்ற்று என்றால் 14 அளவில்தான் காட்டும். கம்பி முனைக்கும் உலோக உடம்புக்கும் இடையே மீற்றர் எதையும் காட்டக் கூடாது. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று வெளியில் வைத்துச் சொருகிப் பார்ப்பவர்களும் உண்டு. தண்ணீர் இல்லாமல் சில விநாடி போதும், கம்பி சிவந்து வெடித்துவிடும்.

பூட்டுவது இரண்டு மூன்று மணிநேர வேலை. எஞ்சின் முழுக்க ஆறியபின் றேடியேற்றரின் அடித் திருகையும் பிளொக்கின் பக்கத் திருகையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். இரண்டையும் திறக்க வேண்டும். றேடியேற்றர் மட்டும் வடிந்தால் பிளொக்குக்குள் பாதி நிற்கும். எந்த மூடி என்பதை ஹீற்றரோடு வரும் தாள்தான் சொல்ல வேண்டும், அளவு ஒத்துவருகிறது என்று கிடைத்த ஓட்டையில் நுழைக்கக் கூடாது. மூடியின் ஒரு விளிம்பில் சுத்தியலால் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும், குறட்டால் பிடித்து இழுக்கலாம். நடுவில் அடித்தால் உள்ளே விழும், பிறகு எடுப்பது பெரும் பாடு. ஓட்டையின் உள்விளிம்பை மென்மையான எமரித் தாளால் துருப் போகத் தேய்த்து, ஓ-ரிங்குக்குக் கூலன்ற் தடவி, ஹீற்றரை உள்ளே விட்டு மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கம்பி வார்ப்பில் முட்டாத நிலையில் வைத்துத்தான் திருகை இறுக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஹீற்றரை உள்ளேயிருந்து பிடிக்கிற பின்பட்டி வளைந்து பிறகு எப்போதும் கசியும்.

கூலன்றும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து நிரப்பி, தெர்மோஸ்ரற் (தண்ணீர் சூடானதும் றேடியேற்றருக்கு வழிவிடுகிற வால்வு; மேலே சொன்ன தெர்மோஸ்ராட் வேறு) திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறியபின் மட்டம் குறைந்ததை நிரப்பிய பிறகுதான் கரண்டில் சொருகலாம். உள்ளே காற்றுக் குமிழ் நின்றால் கம்பியின் அந்தப் பகுதி எரியும். சொருகிய ஒரு நிமிடத்தில் கேத்தில் சூடேறுவதுபோல மெல்லிய இரைச்சல் கேட்டால் சரி. எர்த் உள்ள மூன்று கம்பி வயர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இரண்டும் கட்டாயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஊர் இது.

இந்த ஹீற்றர்களைக் கொல்வது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். கடலோர உவர்நீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் கம்பியில் சுண்ணாம்புப் படை ஏறும், சூடு வெளியேறாமல் கம்பி உள்ளேயே வேகும். மூன்று மணிநேரம் போட்டால் மூன்று யூனிற் கரண்ட். அதைவிட, மெசின் பெரும்போகத்தில் வயல்கரையில் நிற்கும், பிளக் வீட்டுச் சுவரில் இருக்கும்.

சரி, காலையில் ஏன் ஸ்ராட் எடுக்கவில்லை? ஸ்ராட்டர் மந்தமாகச் சுற்றினால் மின்சாரப் பக்கம் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ற்று காட்டும் பற்றரி, சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. பற்றரி நல்லதென்றால் அதன் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே, சுற்றும் நேரத்தில் வோல்ற்று அளவுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டிதான் குற்றவாளி. உப்புக் காற்றில் அது வெளியே நல்லாயிருக்க உள்ளே பச்சையாக அரித்துப் போகும்.

வேகமாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டாங்கிக்குத் திரும்பியிருக்கும். பில்ற்றர் ரப்பர் வளையம், டீசல் குழாயைப் பூட்டுகிற துளையுள்ள பான்ஜோ போல்ற்றின் செப்பு வாசர்கள், கைப்பம்பு இவைதான் முதல் சந்தேகம். பழைய வாசரை மறுபடி போட்டால் மறுநாளும் இதே கதை. வெள்ளைப் புகை வந்தும் பற்றாவிட்டால் இன்ஜெக்ரர் ஒழுகுகிறது, டைமிங் பிசகியிருக்கிறது, அல்லது கம்பிரஷன் போய்விட்டது. ஹீற்றர் பூட்டினால் இந்த மெசின் ஒருவேளை ஸ்ராட் எடுக்கும். அதுதான் ஆபத்து: தேய்மானம் மறைந்தபடி ஒரு போகம் ஓடி, வயல் உழுகிற நாளில் உட்கார்ந்துவிடும்.

மசி பெர்குசன் 240 வைத்திருப்பவர்கள் தெர்மோஸ்ராட்டின் வயரைப் பாருங்கள், பல மெசின்களில் கழற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். சாவியை ஹீற் நிலையில் 15 முதல் 20 விநாடி பிடித்தால், மனிபோல்டில் அது பூட்டியிருக்கும் இடம் தொட்டுப் பார்க்கச் சுட வேண்டும். அது வேலை செய்யும்போது ஈதர் ஸ்பிறே அடிக்கவே கூடாது, மனிபோல்டுக்குள்ளேயே வெடிக்கும். வெப்ப நாடு என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற பழக்கமும் இங்கே உண்டு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, ஒயிலில் கசடு கட்டி, பிஸ்டன் ஓடுகிற லைனர் தேயும். ஹீற்றருக்கு வைத்த காசில் முதலில் அதைத் திருப்பிப் பூட்டுங்கள்.

இந்த ஹீற்றருக்கு இங்கே ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு: நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள், ஆஸ்பத்திரிகள் போன்ற இடங்களின் பெரிய ஜெனரேற்றர். கரண்ட் போன பத்து விநாடிக்குள் முழுச் சுமையையும் தூக்க வேண்டிய எஞ்சின், நம் வெயிலிலும் 40 பாகை அளவில் சூடாக நிற்பது நல்லது. அதற்குக் கோர் பிளக் வகை வேண்டாம், எஞ்சினுக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கிற, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ரற் உள்ள டாங் வகை எடுங்கள். பிளொக்கின் அடியிலிருந்து உள்வழி, மேலே வெளிவழி, குழாய் நடுவில் வளைந்து ஏறி இறங்கக் கூடாது. வெளிவழிக் குழாய் சூட்டில் விரைவில் காய்ந்து வெடிக்கும், சிலிக்கன் குழாய் போடுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஹீற்றரை அணைக்கிற ரிலே இல்லாத செற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.