பிக்ஸ் பை: வண்டுக்கு மூச்சடைக்கும் மூன்றடுக்குச் சாக்கு

1980களின் இறுதியில் கேமரூன் உழவர்களுக்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய பணியிலிருந்து உருவான, பயறு சேமிக்கும் பிக்ஸ் (PICS) பையில், நெய்த பாலிப்ரொப்பிலீன் சாக்குக்குள் இரண்டு கெட்டியான பாலித்தீன் உறைகள் இருக்கின்றன. நன்கு காய்ந்த தட்டைப்பயற்றை நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுகக் கட்டிவிட்டால், உள்ளிருக்கும் வண்டுகளே எஞ்சிய ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டு, பெருக வழியின்றி மடிகின்றன. உண்ணும் பயற்றில் பூச்சிமருந்து தூவ வேண்டியதில்லை என்பதே, என் பார்வையில், இதன் முதற்சிறப்பு. ஈரப்பயற்றை இது காக்காது, பூஞ்சை பிடித்துவிடும். எலி கடித்து உறை ஓட்டையானாலும் அவ்வளவுதான். சாதாரணச் சாக்கைவிட விலையும் கூடுதல். கிழியாதவரை மறுபருவத்துக்கும் உதவுவதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கடனை அடைக்க அறுவடை முடிந்ததுமே பயற்றை விற்றுவிடும் குடும்பத்துக்கு, சேமித்து வைக்கும் பை மட்டும் போதாது, கைமாற்றுக் கடனும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.