டாஷ்போர்டா, டிமக்ஸா? பல ஏஐ புராஜெக்ட்களைக் கட்டி மேய்க்க

ஐந்தாறு புராஜெக்ட்டில் ஏஐ ஏஜென்ட் (நமக்காகக் கோடு எழுதி, கமாண்ட் ஓட்டும் ஏஐ) ஓடும்போது முதலில் கைநழுவுவது, எது நமக்காகக் காத்திருக்கிறது என்பதுதான். "இந்தக் கமாண்டை ஓட்டலாமா?" என்று கேட்டுவிட்டு ஒன்று அரைமணி நேரம் சும்மா நிற்கும். டெஸ்க்டாப் டாஷ்போர்டின் பலம் இங்கேதான்: அனுமதி கேட்பது, முடித்தது, எர்ரரில் விழுந்தது எல்லாம் ஒரே திரையில். மூன்று புராஜெக்ட்டைத் தாண்டினால் இதுவே நல்லது.

டிமக்ஸ், ஒரே டெர்மினலில் பல விண்டோக்களைத் திறந்து வைக்கும் கருவி. அதில் கன்ட்ரோல்-பி, பிறகு டபிள்யூ அழுத்தினால் விண்டோ பட்டியல் வரும். நமக்காகக் காத்து நிற்கும் ஏஜென்ட்டை நாம்தான் தேட வேண்டும். ஆனால் ரிமோட் சர்வரில் ஓடும் டிமக்ஸ், பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் நெட் அறுந்தாலும் நிற்காது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போட்டு 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் வேலை ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப்பிலேயே ஏஜென்ட்டை ஓட்டும் டாஷ்போர்டில், மூடியைச் சாத்தி லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனால் எல்லாம் நின்றுவிடும்.

எதை எடுத்தாலும் ஏஜென்ட்டுக்கு ஒரு கிட் ஒர்க்ட்ரீ, அதாவது அதே புராஜெக்ட்டுக்கு கிட் தரும் தனி ஃபோல்டர், கட்டாயம். ஒரே ஃபோல்டரில் இரண்டு ஏஜென்ட் எழுதினால் ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிடலாம். கிட்இக்னோரில் (கிட் சேர்க்காமல் விடும் ஃபைல்களின் பட்டியல்) உள்ள என்வி ஃபைல் (ரகசியக் கீ, செட்டிங் இருப்பது) புது ஒர்க்ட்ரீக்கு வராது, காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு ஏஜென்ட்டின் சோதனை சர்வர் ஓடும் போர்ட் எண்ணையும் 3000, 3001 என்று பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ஏஜென்ட், முதலாவதின் பக்கத்தைச் சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிடலாம்.